பிரேக்கில் விழுந்த தடம்

செருப்பைக் கழற்றிப் பட்டறை வாசலிலேயே விட்டுவிட்டு வண்டிக்குள் ஏறுகிறாள். ஒரு கையில் எவர்சில்வர் டம்ளர், அதில் முக்கால் அளவு தண்ணீர். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, வெறும் பாதங்களைத் தரையில் பதித்து, டம்ளரை டாஷ்போர்டின் மேல் வைத்து ஒரே ஒரு விரலால் அணைத்துக்கொள்கிறாள். வண்டிக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி திருதிருவென்று விழிக்கிறார். பழுது பார்க்கத்தான் பாவம் வந்தார். பரீட்சைக்கு உட்கார வைத்துவிட்டாள்.

"நீங்க எப்பவும் எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஓட்டுங்க. நான் இல்லன்னு நெனச்சுக்குங்க."

"எங்கம்மா போகணும்?"

"உங்க வீட்டுக்கு. தெனம் போற வழியில. எனக்காக நல்ல ரோட்டத் தேடாதீங்க."

சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொள்வாள். பிரேக் பிடித்தால் வண்டி நடுங்குகிறது என்று வருகிற ஒவ்வொருவருக்கும் இதே வைத்தியம்தான். சக்கரத்தைக் கழற்றுவது, ஸ்பேனரைத் தொடுவது எல்லாம் அப்புறம். முதலில் வண்டிக்காரருடைய வழியில், வண்டிக்காரருடைய காலால், அந்த நடுக்கத்தைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தெருவில் அவளுக்கு டம்ளர் அக்கா என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் பட்டறைப் பலகையில் இருக்கிறது என்கிறார்கள். வெயில் அதை எப்போதோ தின்றுவிட்டது.

"ஸ்டீயரிங் ஆடுனா முன்னால. இடுப்பு ஆடுனா பின்னால. கால் ஆடுனா டிஸ்க்கு. மூணும் ஆடுனா ஓட்டுறவரு" என்பாள். கடைசி வாக்கியத்தை வண்டிக்காரர் காதில் விழும்படியே சொல்வாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் அந்தத் தெருவில் நிறையப் பேர்.

பட்டறை என்னவோ தகரக் கூரை போட்ட ஒரு நீள அறைதான். ஒரு பக்கம் டயர்க் கடை, மறுபக்கம் அட்டைப்பெட்டி செய்கிற இடம். உள்ளே ஜாக்கிகள், கம்பி பிரஷ், கிரீஸ் டப்பா, சுவரோரம் கழித்துப் போட்ட பழைய டிஸ்குகளின் குவியல். கழற்றிய நட்டுகளைச் சாப்பாட்டுத் தட்டில்தான் வைப்பாள். அதனால் மதியம் சாப்பாடு கொண்டுவரும் கணவர், தட்டைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு வருவார். அவர் தையல்காரர். தெரு முனை திரும்புவதற்குள் குமட்டல் வந்துவிடுகிற உடம்பு; வண்டி என்றாலே காத தூரம். எத்தனை வெயிலானாலும் கேரியரைத் தூக்கிக்கொண்டு நடந்தேதான் வருவார். பிரேக்குக்காரிக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை!

இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தாய் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வாள். சைக்கிளில் பிரேக் பிடிக்காமல் வாய்க்காலில் விழுந்ததால் வைராக்கியம் வந்தது என்று ஒருவரிடம். வீட்டில் அடுப்படி வேலையிலிருந்து தப்பிக்க என்று இன்னொருவரிடம். எது நிஜம் என்று கணவரைக் கேட்டால், "என்கிட்ட மூணாவது ஒண்ணு சொன்னா" என்று சிரிப்பார்.

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் போதும், ஆளை ஒரு வழி பண்ணிவிடுவாள். டயர்க் கடைக்காரருக்கு அந்த மாதிரிக் கதைகளில் உயிர். அவர் குரலைத் தாழ்த்தி, கண்ணை அகல விரித்துச் சொல்லிக்கொண்டு வரும்போது சரியான இடத்தில் குறுக்கே விழுவாள். "அந்தப் பேய்க்கு எத்தன போல்ட்டுண்ணே? கழட்டிப் பாத்தீங்களா?" கைக்கு அகப்படாதது எதுவும் இல்லை என்பது அவள் கட்சி.

அவளுக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. "டிஸ்க் வளஞ்சுபோச்சு." பிரேக் நடுங்கினால் எல்லா மெக்கானிக்கும் சொல்வது அதுதான். "இரும்பு என்ன அப்பளமா, சூடு பட்டதும் வளையறதுக்கு?" என்று சீறுவாள். சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கிற தட்டு டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பவை பேடுகள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் இரண்டும் கொதிக்கும். அந்தக் கொதிப்போடு வண்டியை நிறுத்தி, காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே நின்றால், பேடின் மேலிருக்கிற உராய்வு மசாலா டிஸ்கில் அப்பிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேல் வைத்து மறந்தால் விழுகிற தடம் மாதிரி, பேடின் வடிவத்திலேயே ஒரு கருப்புத் தடம். அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் அந்த மேட்டில் பேடு ஏறி இறங்கும், வண்டி நடுங்கும். தையல்காரர் பெண்டாட்டிக்கு இந்த உவமை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு தெரிந்தவள் ஒரு வண்டியில் கோட்டை விட்டாள். தங்கை வீட்டு வண்டி.

தங்கை ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிறவள். அக்காவுக்கு வாய் பாதி என்றால் தங்கைக்கு முழுசு. அவள் கணவர் வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிறவர். கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் மன்னிப்புக் கேட்கிற சாது. மேட்டின் உச்சியில் இருக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து மகளைப் பிற்பகலில் கூட்டி வருவது அவர் பொறுப்பு. அந்த வண்டிதான் பிரேக் பிடித்தால் நடுங்குகிறது என்று வந்தது.

சொந்த வீட்டு வண்டி, கூட உட்கார்ந்து ஓட்டிப் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள். டம்ளர் அலமாரியிலேயே இருந்தது. முன் சக்கரங்களைக் கழற்றினாள். டிஸ்கில் தடம். கடைசல் பட்டறைக்குக் கொடுத்துத் தேய்த்து, மறுபடி அதே நிலையில் மாட்டுவதற்காக ஒரு போல்ட்டுக்கு நேரே டிஸ்கில் மஞ்சள் பெயின்டால் புள்ளி வைத்து, நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒரே அளவில் முறுக்கி அனுப்பினாள். அடுத்த மாதமே வண்டி திரும்பி வந்தது. பழசு இனி சரிப்படாது என்று டிஸ்க், பேடு இரண்டையும் புதிதாகப் போட்டு, மஞ்சள் புள்ளி வைத்து அனுப்பினாள். அதுவும் திரும்பி வந்தது. இந்தத் தடவை கூடவே தங்கையும் வந்தாள்.

"அக்கா, ஒளிக்காம சொல்லு. கோளாறு வண்டிலயா, இவர்கிட்டயா?"

"என்னடி இப்படிக் கேக்குற?"

"நேத்து ஒரு லாரிக்காரர் வீடு வரைக்கும் பின்னாடியே வந்து கத்திட்டுப் போறாரு. மேட்டுக்குக் கீழ வளைவுல, வெறும் ரோட்டுல, இவரு சடார்னு பிரேக் அடிச்சு நிறுத்துனாராம். இன்னும் ஒரு முழம் வந்திருந்தா லாரி மேல ஏறியிருக்குமாம். பின் சீட்டுல என் புள்ள இருந்திருக்கா." தங்கை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "வண்டின்னா வித்துத் தொலைச்சிடலாம். இவருன்னா, நான் புள்ளையக் கூட்டிட்டுக் கெளம்புறேன். எனக்கு வேற வழி தெரியல."

வாசலில் அந்த மனிதர் கைகளைக் கட்டிக்கொண்டு, டயர்க் கடையில் அடுக்கியிருந்த டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி என்றுதான் அவரைக் கூப்பிடுவாள் அக்கா. சொந்தத் தம்பி இல்லாத குறையை அவர்தான் தீர்த்தார். இப்போது அக்கா ஒரு வார்த்தை சொன்னால் ஒரு வீடு நிற்கும், இன்னொரு வார்த்தை சொன்னால் கலையும்.

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பொறு" என்று தங்கையை அனுப்பிவிட்டு, அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்தாள்.

அன்றைக்கே பள்ளி விடுகிற நேரம். மகள் பின் இருக்கையில் ஏறி, "பெரியம்மா, தண்ணி எனக்கா?" என்றாள். "இல்லடி கண்ணு, வண்டிக்கு" என்றாள் இவள். இறக்கம் தொடங்கியது. நீளமான, நிதானமான இறக்கம். தம்பி பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே இறங்கினார். பயந்த சுபாவக்காரர்கள் எல்லோரும் செய்வது. டம்ளரில் தண்ணீர் சின்னச் சின்ன வளையம் போட்டது. பிரேக் கொதிக்கிறது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு, வழக்கம்போல் கண்களை மூடிக்கொண்டாள். கீழே மூடிக் கிடக்கிற ஆலையின் மதில், ரோட்டோடு கூடவே வந்து, ஒரு வளைவில் முடிகிறது. அந்த நேரத்து வெயிலில் மதிலும் ரோடும் ஒரே வெள்ளையாக இருந்தன.

வளைவில் திரும்பியதும் தம்பி பிரேக்கை ஓங்கி மிதித்தார். டம்ளர் அவள் மடியில் கவிழ்ந்தது.

கண்ணைத் திறந்தாள். ரோட்டில் ஒரு ஈ காக்காய் இல்லை. ஆலைக் கதவில் துருப்பிடித்த பூட்டு. தம்பியின் கால் பிரேக்கை அழுத்தியபடியே இருந்தது. அவர் முகம் மதில் பக்கமிருந்து எதிர்ப்பக்கத்துக்கு, மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. யாரோ நடந்து போவதைப் பார்க்கிற நிதானம். அவள் பின்னால் பார்த்தாள். மகளின் முகமும் அதே நிதானத்தில் திரும்பிக்கொண்டிருந்தது.

"இன்னும் போகலப்பா."

"தெரியுதும்மா. அவசரமில்ல."

எங்கோ தூரத்தில் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது. மடியில் ஊறிய தண்ணீர் தொடையில் சில்லென்று இறங்கியது.

"போயிட்டாங்க" என்றாள் மகள். தம்பி காலை எடுத்தார். வண்டி நகர்ந்தது.

"மன்னிச்சிடுங்கக்கா, நனைச்சிட்டேன். அந்த அம்மா எப்பவுமே திடீர்னுதான் வருவாங்க. கைல கொழந்த வேற. அதான் மெதுவா நடப்பாங்க, பாவம்."

"தெனமுமா?" என்று கேட்டாள் அக்கா.

"ஸ்கூல் இருக்கிற அன்னைக்கெல்லாம். ஏங்க்கா, நீங்க பாக்கலியா?"

"கண்ணுல தண்ணி தெறிச்சிடுச்சு தம்பி."

பின்னாலிருந்து மகள் எட்டி அவள் தோளைத் தொட்டாள். "பெரியம்மா, அவங்க உங்களப் பாத்து சிரிச்சாங்க. நீங்கதான் சிரிக்கல."

பட்டறையில் வாய் திறக்காமல் இறங்கிய டம்ளர் அக்காவைப் பார்த்து டயர்க் கடைக்காரரே, "என்னாச்சு தங்கச்சி?" என்று எழுந்து வந்தார். கையை ஆட்டி அவரை அனுப்பிவிட்டு முன் சக்கரத்தைக் கழற்றினாள்.

தடம் இருந்தது. தடம் இருக்கும் என்று தெரிந்ததுதான். ஆனால் ஒரு சக்கரம் தினமும் ஒரே நிலையிலா வந்து நிற்கும்? இன்றைக்கு ஒரு பக்கம், நாளைக்கு ஒரு பக்கம். தினம் நிற்கிற வண்டியில் தடம் டிஸ்கைச் சுற்றித் திட்டுத்திட்டாக விழ வேண்டும். இங்கே ஒரே தடம். ஒன்றின்மேல் ஒன்றாக, இம்மி பிசகாமல், மஞ்சள் புள்ளிக்கு நேரே. மறுபக்கச் சக்கரத்தையும் கழற்றினாள். அங்கேயும் மஞ்சள் புள்ளிக்கு நேரே. எழுந்து போய்ச் சுவரோரக் குவியலில் கைவிட்டு, அந்த வண்டியிலிருந்து முன்பு கழித்துப் போட்ட டிஸ்குகளை இழுத்து எடுத்து, சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்தாள்.

மஞ்சள் புள்ளி. அதற்கு நேரே தடம்.

கைக்கு அகப்படாதது எதுவும் இல்லை என்று சொல்லித் திரிந்தவளுக்கு இப்போது கையிலேயே அகப்பட்டுவிட்டது. விரலால் அந்தக் கருப்பைத் தடவிப் பார்த்தாள். பயமாக இருந்தது, மறைப்பானேன், ஓடிப்போய்த் தெருவில் நிற்கலாமா என்றே இருந்தது. டிஸ்கைப் பழைய இடத்தில் போடவும் மனமில்லாமல், கையில் வைத்துக்கொள்ளவும் முடியாமல், மடியில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மதியம் கணவர் சாப்பாட்டோடு வந்தபோதும் அவள் கண் அந்த டிஸ்கின் மேலேயே இருந்தது. அவர் தட்டை எடுத்து வைத்துப் பரிமாறினார்.

"ஏங்க, சட்டைல இஸ்திரிப் பொட்டித் தடம் விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"போட்டவர் கால்ல விழுவேன்."

"வெளையாடாதீங்க. விழாம இருக்க என்ன பண்ணணும்?"

"இது என்ன கேள்வி? பொட்டிய வச்சுக்கிட்டே நின்னாத்தான தடம்? யாராவது கூப்பிட்டா நிப்பேன், பேசுவேன். ஆனா பொட்டியத் தூக்கிட்டுத்தான் நிப்பேன்." சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

அவள் டிஸ்கிலிருந்து கண்ணை எடுத்து, ஒரு வாய் சாப்பிட்டாள்.

தம்பியை வரச் சொல்லி, பட்டறைக்குப் பின்னால் நிறுத்தி வைத்துச் சொன்னாள். "இங்க பாரு. இறக்கத்துல கியரக் கொறச்சுப் போட்டுக்க. பிரேக்குல கால வச்சு ஊறப் போடாத. வளைவுக்கு முன்னாடி ஒரு கரண்ட் கம்பம் இருக்குல்ல, அங்கயே வேகத்தக் கொறச்சிடு. பின்னால வர்றவனுக்குத் தெரியிற மாதிரி லைட்டப் போடு. மெதுவா நிறுத்து. நின்ன ஒடனே கைபிரேக்கப் போட்டுட்டுக் கால எடுத்துடு. அப்புறம் அவங்க போற வரைக்கும் எவ்வளவு நேரம் வேணாலும் நில்லு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "அப்போ நீங்களும் பாத்தீங்கதானேக்கா? லாரிக்காரர் சொன்னதுல இருந்து எனக்கே என் மேல சந்தேகமா இருக்கு."

அவள் அங்கே கிடந்த ஜாக்கியின் நட்டை முறுக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே முறுக்கிய நட்டு அது.

தங்கை வேலை முடிந்து நேரே பட்டறைக்கு வந்தாள். ஆஸ்பத்திரி வாசனை இன்னும் சேலையில் இருந்தது. அக்கா டிஸ்கை அவள் முன்னால் நீட்டித் தடத்தைக் காட்டினாள்.

"இதுதான்டி கோளாறு. மொதல்லயே நான் கூட உக்காந்து ஓட்டிப் பாத்திருக்கணும். சொந்த வண்டின்னு அலட்சியமா விட்டுட்டேன். தப்பு என் மேல."

"வண்டிலதானே? அவர்கிட்ட இல்லயே?"

"தடம் வண்டிலதான இருக்கு?"

"அக்கா, பூசி மெழுகாத. என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு."

"சத்தியமெல்லாம் வேணாம். நாளைக்கு அதே நேரத்துக்கு, அதே இறக்கத்துல நானே தனியா ஓட்டிட்டு வர்றேன். ஓட்டிட்டு வந்து சரின்னு சொன்னா, நீ புள்ளைய ஏத்து. எனக்கு ஒரு சின்ன சந்தேகம் இருந்தாலும் சொல்லிடுவேன். அப்புறம் உன் இஷ்டம்." தங்கை அவளை மேலும் கீழும் பார்த்தாள். அக்கா பேசாமல் ஒத்துக்கொண்ட ஒரே தப்பு இதுதான் என்பதாலோ என்னவோ, "சரி" என்று போய்விட்டாள்.

டிஸ்குகளைக் கடைசலில் தேய்த்து வாங்கினாள். அச்சில் ஒட்டிய துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டினாள். புது பேடுகளைப் போட்டாள். இந்தத் தடவை மஞ்சள் பெயின்ட் டப்பாவை அவள் திறக்கவே இல்லை.

டம்ளர் அக்கா தானே ஸ்டீயரிங் பிடிப்பது அபூர்வம். செருப்பை வாசலில் விட்டாள். தண்ணீர் டம்ளரை டாஷ்போர்டில் வைத்து, பிடிக்க இன்னொரு விரல் இல்லாததால் துணியைச் சுருட்டி அண்டை கொடுத்தாள். டயர்க் கடைக்காரர், "தனியாவா போற?" என்றார். வழக்கமாக இதற்கு ஒரு குத்தல் பதில் வரும். "ஆமாண்ணே" என்றாள்.

மேட்டின் உச்சியில் வண்டியைத் திருப்பினாள். பிள்ளைகளை ஏற்றிய வண்டிகள் எல்லாம் அவளுக்கு முன்னால் இறங்கிப் போயின. கியரைக் குறைத்து இறங்கினாள். நடுவில் இரண்டு இடத்தில் வேண்டுமென்றே அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். ஸ்டீயரிங் ஆடவில்லை. இடுப்பு ஆடவில்லை. பாதத்துக்கடியில் பெடல் பூனைக்குட்டியாக இருந்தது. டம்ளரில் ஒரு வளையம் எழவில்லை. வண்டி சரியாகிவிட்டது. இப்படியே வளைவைக் கடந்து வீட்டுக்குப் போய், சரி என்று தங்கையிடம் சொல்லலாம். சொன்னால் பொய் இல்லை. மதில் கூடவே வந்தது. வெயில் அன்றைக்குப் போலவே வெள்ளையாக இருந்தது. பின்னால் ஒரு லாரி இறங்கி வருகிற சத்தம் கேட்டது.

கரண்ட் கம்பம் வந்தது. அவள் விளக்கைப் போட்டாள். வேகம் குறைந்தது. வளைவில் திரும்பி, மெல்ல, தண்ணீர் அசையாமல், வண்டியை நிறுத்தினாள். ரோட்டில் யாரும் இல்லை. கைபிரேக்கை இழுத்தாள். காலைப் பெடலிலிருந்து எடுத்து, இரண்டு பாதங்களையும் இருக்கையின் மேல் மடக்கி வைத்துக்கொண்டாள். பின் இருக்கையில் அன்றைக்கு இருந்த மகள் இல்லை. போயிட்டாங்க என்று சொல்ல ஆள் இல்லை.

பின்னால் லாரி வந்து நின்றது. ஹாரன் அலறியது. கொஞ்சம் விட்டு மறுபடி அலறியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையை விரித்து, பொறு என்று காட்டினாள். பிறகு அந்த வெறும் ரோட்டைப் பார்த்து, கொஞ்சம் கூச்சத்தோடு, சிரித்தாள்.